பாலத்துக் கரைக்குப் போன கிராவல்

தார்ச்சாலையின் விளிம்பு, அடியில் மண்ணே இல்லாமல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். பிச்சாட்டூர் அணையின் மதகுகளைத் திறந்துவிட்ட மறுநாள் காலை அது. ஆரணி ஆற்றுப் பாலம் உறுதியாகத்தான் நின்றது. பாலத்தையும் ஊரையும் சேர்க்கும் மண்கரையைத்தான் வெள்ளம் பக்கவாட்டில் குடைந்துகொண்டிருந்தது. சாலைத் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து எனக்கு நான்கு மாதம். பன்னிரண்டு ஆட்கள் இருந்தார்கள், கட்டுக் கட்டாகச் சாக்குகளும் கம்பிவலைச் சுருள்களும் இருந்தன, சாக்கில் போட மண்தான் இல்லை. வயல் சேற்றை அள்ளிப் போட்டால் கரைந்து போய்விடும், சரளை கலந்த செம்மண்ணான கிராவல் வேண்டும். கிராவல் ஏற்றிப் புத்தூரிலிருந்து கிளம்பிய லாரி, வழியில் முழுகிய தரைப்பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. மதியம்வரை கரை தாங்காது என்று எனக்குத் தெரிந்தது.

"இன்னா சார், தண்ணி கரையைத் துன்னுக்கினே கீது, நீங்க பாத்துக்கினு நிக்கிறீங்க?"

பாலத்தை ஒட்டிய கூரை வீட்டு அக்கா. விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் வீட்டுப் பக்கம் கைகாட்டினார். புது வீட்டு அஸ்திவாரத்தை நிரப்பக் கொட்டி வைத்திருந்த கிராவல் ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தது. "அள்ளிக்கோங்க" என்றார்.

அவருடைய கணவர் குறுக்கே வந்தார். "மூணு வருசமா ஒவ்வொரு டிராக்டரா சேத்ததுடி!"

"பாலம் பூட்டா நம்ம பொண்ணு எப்படி வருவா? நெறமாசக்காரி, அந்தாண்ட கரையில கீறா. வலி வந்தா ஆத்துல நீந்திக்கினு வருவாளா?"

அவர் உள்ளே போய் மண்வெட்டியோடு வந்தார்.

அவசரத்தில் முதலில் போட்ட சாக்குகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனது. பிறகு பத்துப் பத்தாகக் கம்பிவலைக்குள் வைத்துக் கட்டி, நீர் சுழன்று குடைந்த அடிப்பகுதியிலேயே இறக்கினோம். மெல்ல மெல்லச் சுழல் கரையை விட்டு விலகியது. பிற்பகலில் தண்ணீர் வடியத் தொடங்கியபோது, குவியல் இருந்த இடத்தில் சிவப்பாக ஈரத்தடம் மட்டும் மிச்சம். அக்கா அதை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, எங்களுக்குச் சோறு போடப் போனார்.

மூன்றாம் நாள் அவர் மகள் ஆட்டோவில் அந்தப் பாலத்தைக் கடந்து ஆஸ்பத்திரிக்கு வந்து, பெண் குழந்தை பெற்றாள். கோடையில் கரைச் சரிவு முழுவதும் கல் பாவி, அடியில் கம்பிவலைக்குள் பாறாங்கற்களை அடுக்கினோம். அதன்பின் எத்தனையோ வெள்ளம் வந்தும் கரை அசையவில்லை. அவர்கள் வீடுதான் தாமதமானது.

இப்போது நான் திருப்பதியில் வேலை செய்கிறேன். போன மாதம் அந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். அக்காவின் கணவர், வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான்தான் சொன்னேன், வூடு கெடக்குது, மொதல்ல பாலத்தைப் பாருங்க, அள்ளிக்கினு போங்கன்னு!"

நான் அக்காவைப் பார்த்தேன். என் இலையில் இன்னொரு வடையை வைத்துக்கொண்டே அவர் மெதுவாகச் சொன்னார்: "சொல்லிக்கட்டும் வுடுங்க சார். அன்னிக்கு முழுக்க மண்ணு வெட்டினது அவருதானே."