சந்தனம்மாளின் ஜீப்பும் சிவப்புப் பெயிண்டும்

கம்பம் புதுப்பட்டியிலிருந்து மலையேறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோகும் ஜீப்புகளில் ஒன்றை மட்டும் ஒரு பெண் ஓட்டுகிறாள். பெயர் சந்தனம்மாள், வயது நாற்பத்து மூன்று. ஆறு வருடமாக அவளுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவள் நான். வழியில் நான் வாய் திறப்பதில்லை. அதனால்தான் எனக்கு அந்த இடம். மேடு ஏறும்போது அவளுக்கு என்ஜின் சத்தம் மட்டும் கேட்க வேண்டும்.

அவளும் எங்களைப் போல ஏலக்காய் எடுத்தவள்தான். பதினான்கு வருடம் எடுத்தாள். ஒரு சாயங்காலம், இருபத்து மூன்று பேரை அடைத்த ஜீப்பில் இன்னும் ஒருத்தியை ஏறச் சொன்னார்கள். அந்த ஒருத்தி சந்தனம்மாள். ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மலை மேலிருக்கும் கம்பம்மெட்டிலிருந்து வளைவு வளைவாக நடந்தே கீழே இறங்கினாள். வீட்டுக்கு வரும்போது கால் வீங்கியிருந்தது. அடுத்த வாரம் டிரைவிங் பழகப் போனாள். வீட்டில் நின்ற இரண்டு மாடுகளை விற்று, தொண்ணூற்றொன்பதாம் வருட மாடல் டீசல் ஜீப் ஒன்றை வாங்கினாள்.

அவள் வண்டியில் அவளைச் சேர்த்துப் பதினொரு பேர்தான். பன்னிரண்டாவது ஆள் வந்து நின்றால், சொந்தத் தங்கச்சியானாலும் ஏற்ற மாட்டாள்.

"பதினொரு பேரா? கிரிக்கெட் வெளையாடவா கூட்டிட்டுப் போறீக?" என்று கம்பம் ஸ்டாண்டில் பொன்னுராஜ் கேட்பான். முன்பு எங்களை இருபது, இருபத்தைந்து என்று அடைத்துக் கொண்டுபோனது அவன் ஜீப்தான்.

"ஆமா. பந்து பொறுக்கத்தான் ஆளு இல்ல. வாரியா?" என்பாள் இவள்.

போன மார்கழியில் அந்த ஜீப் தகராறு செய்ய ஆரம்பித்தது. இரண்டு நாள் சாவியைத் திருப்பியதும் எடுக்கும். மூன்றாம் நாள் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எங்கள் தெரு சமதளம். பனியில் குளிர்ந்து கிடக்கும் டீசல் வண்டியைப் பத்துப் பேர் தெருமுனை வரை தள்ளிக் கிளப்புவதற்குள் அரைமணி நேரம் போய்விடும். தோட்டத்தில் இந்தத் தொல்லை தெரிவதே இல்லை. அங்கே எல்லோரும் சரிவில்தான் நிறுத்துவார்கள். பிரேக்கை விட்டால் உருண்டு தானாகக் கிளம்பிவிடும்.

மெக்கானிக் வைகுண்டராஜ் பேட்டரி போய்விட்டது என்றான். புதுப் பேட்டரி போட்டாள். நான்காம் நாள் மறுபடி 'டக்'. பிறகு, வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார்தான் காரணம் என்றான். அதைக் கழற்றித் துடைத்து மாட்டினான். இரண்டு நாள் ஒழுங்காக எடுத்தது. பிறகு அதே கதை.

"வண்டிக்கு வயசாயிருச்சுக்கா. பனிக்குக் கெழவி எந்திரிக்க மாட்டேங்குது. இரும்புக்குப் போட்டுருங்க" என்றான்.

"உங்க ஆத்தாவுக்குந்தான் பனிக்கு முட்டி புடிக்குது வைகுண்டு. நீ எந்தக் கடையில போட்ட?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

ஏழரைக்குத் தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்களின் பேர் போடுவார்கள். அந்த வாரம் திங்களும் செவ்வாயும் பிந்திப் போனோம். செவ்வாய்க்கிழமை கங்காணி முத்துராஜா எங்கள் முன்னால் வைத்தே சொன்னார். "இன்னொரு நாள் லேட்டாச்சுன்னா ஒங்க ஆளுகள பொன்னுராஜ் வண்டியில ஏத்திவிட்ருவேன் சந்தனம். நீ வேற லைன் பாத்துக்க."

அவளுக்கு வேறு லைன் யாரும் தரப்போவதில்லை. அவள் லைனை விட்டுப் போவதற்குத்தான் ஸ்டாண்டு முழுக்கக் காத்திருந்தது.

அந்த இரண்டு நாளும் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். அவள் சாவியைத் திருப்பும்போது எதிர்ச்சுவரில் விழுந்த லைட் வெளிச்சம் மங்கவே இல்லை. முன்பு பேட்டரி போன வண்டிகளில் போயிருக்கிறேன், அப்போது லைட் படுத்துவிடும். இன்னொன்று, ஆக்சிலேட்டர் கம்பி. அது நான் உட்காரும் பக்கமாக வளைந்து என்ஜினுக்குப் போகிறது. செவ்வாய்க்கிழமை அவள் நாலைந்து தடவை சாவியைத் திருப்பிய பிறகு அது என் கையில் பட்டது. சுட்டது. அந்தப் பனியில், கிளம்பாத வண்டியில்.

அன்று நான் சொல்லவில்லை. பயம்தான். காரணம் பிறகு சொல்கிறேன்.

புதன்கிழமை விடியும்போது நாங்கள் வந்து சேர்வதற்கு முன்பே பொன்னுராஜ் எங்கள் தெருவில் வந்து நின்றான். அவன் வண்டியின் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. சந்தனம்மாள் சாவியைத் திருப்பினாள். 'டக்'.

"ஏறுங்கத்தா. கங்காணி சொல்லிட்டாக. கெழவிய எத்தன நாளைக்குத் தள்ளுவீக?" என்றான்.

எங்களோடு ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த சங்கிலியம்மாள் சோற்று வாளியோடு ஒரு காலைக் கீழே வைத்தாள். அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது. மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள்.

"அக்கா, இந்தக் கம்பியத் தொட்டுப் பாருங்க" என்றேன்.

சந்தனம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பேசியதே அவளுக்கு அதிசயம். இன்னும் இரண்டு தடவை சாவியைத் திருப்பிவிட்டு, கம்பியைத் தொட்டாள். கையை உதறினாள்.

"லைட்டும் மங்கலக்கா. நேத்தும் மங்கல."

அவள் எதிர்ச்சுவர் வெளிச்சத்தையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப பேட்டரி நல்லாத்தான் இருக்கு. செல்ஃபுக்குப் போன கரண்டு திரும்பி வர வழி இல்லாம இந்தக் கம்பியில பாயுது. எர்த்து எங்கனயோ நிக்கல."

இறங்கிப் பேனட்டைத் தூக்கினாள். என்ஜினிலிருந்து வண்டியின் சட்டத்துக்கு ஒரு பட்டையான பின்னல் கம்பி போகும், அதுதான் எர்த். டார்ச் அடித்தாள். பட்டை இறுக்கமாகத்தான் இருந்தது. அதன் அடியில் சிவப்புப் பெயிண்ட் பளபளவென்று தெரிந்தது.

"அந்தப் பெயிண்டு நான் அடிச்சதுக்கா" என்றேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் சேர்ந்து வண்டியைக் கழுவி, சட்டத்துக்குப் பெயிண்ட் அடித்தோம். ஒரு இடுக்குகூட விடக்கூடாது என்று அவள் பட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். நான் அங்கே இரண்டு கோட்டிங் அடித்தேன். காய்ந்ததும் அதன் மேலேயே அவள் பட்டையை முடுக்கினாள்; பெயிண்ட் கரண்டை விடாது என்பது இருவருக்குமே தோன்றவில்லை. சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிட்டோம். பனி இல்லாத நாளில் எப்படியோ சமாளித்து எடுத்திருக்கிறது. பனி வந்து என்ஜின் கெட்டியானதும் மாட்டிக்கொண்டது.

என்ஜின் பக்கம் எது கோளாறென்றாலும் நான் பெயிண்ட் அடித்ததால்தான் என்று ஆகிவிடுமோ என்றுதான் செவ்வாய்க்கிழமை வாய் திறக்கவில்லை. அவள் திட்டுவாள் என்று நின்றேன். "கழட்டிக் குடுத்தவ நானு. ஒன்ன என்ன சொல்ல" என்றாள். "ஏலச்செடியில சருகு கழிக்கிற கத்திய எடு."

பட்டையைக் கழற்றினாள். நான் சுரண்டினேன். பொன்னுராஜ் ஹாரன் அடித்தான்.

"என்னக்கா, வண்டிக்குச் சவரமா?"

"ஆமாடா. முடிச்சதும் ஒனக்கும் இருக்கு, நில்லு."

வெள்ளையாக இரும்பு தெரியும் வரை சுரண்டி, பட்டையின் முனையையும் தேய்த்து முடுக்கினோம். அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே எடுத்தது. சங்கிலியம்மாள் கீழே வைத்த காலை மேலே தூக்கிக்கொண்டாள்.

"போகலாம்" என்றேன். மணி ஆறேகால்.

கம்பம் ஸ்டாண்டில் அவள் வண்டியை நிறுத்தினாள். வைகுண்டராஜ் டீ குடித்துக்கொண்டிருந்தான். பின்னால் பொன்னுராஜின் காலி ஜீப் வந்து நின்றது. அவள் என்ஜினை அணைத்தாள்.

"ஏத்தா, எதுக்கு அணைக்கிற? எடுக்காமப் போனா?" என்று சங்கிலியம்மாள் பின்னாலிருந்து முனகினாள்.

சந்தனம்மாள், எல்லோரும் திரும்பிப் பார்க்கும் வரை காத்திருந்து சாவியைத் திருப்பினாள். எடுத்தது. மறுபடி அணைத்தாள். மறுபடி எடுத்தது. மூன்றாவது தடவை அணைத்தாள். ஆக்சிலேட்டர் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். பனியில் கிடந்த கல் போலச் சில்லென்று இருந்தது. அவள் சாவியைத் திருப்பினாள். எடுத்தது.

வைகுண்டராஜ் டம்ளரைக் கீழே வைத்தான். 

அப்போது முத்துராஜா போன் செய்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"பொன்னுராஜ் வந்தானா? ஏறிட்டாகளா?"

"வந்தான். இப்ப எம் பின்னாடிதான் நிக்கான், காலி வண்டியோட" என்றாள். "ஏழரைக்குப் பேர் போடுங்கண்ணே. பத்துப் பேரும் இந்தக் கெழவியிலதான் வர்றாக."

கியரைப் போட்டாள். மேடு தொடங்கியது. நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.