லிஷியா வேண்டிக்கொண்டது

மகள் தோற்க வேண்டும் என்று கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டவள் லிஷியா. பெற்றவள் செய்கிற வேலையா இது என்று கேட்கலாம். செய்தாள், அவ்வளவுதான்.

சியாயி ஊரில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே காலைப் பலகாரக் கடை அவளுடையது. முட்டை ரொட்டி, முள்ளங்கி மாவு வில்லை, சோயாப் பால். விடியுமுன்பே கல் காய்ந்துவிடும். புருஷன் தைச்சுங் நகரத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். அவன் போனதில் அவளுக்கு வருத்தமில்லை, கேஸ் சிலிண்டரைத் தூக்க ஆள் இல்லாமல் போனதில்தான் வருத்தம். கோபம் வந்தால் முட்டை உடைக்கிற சத்தத்திலேயே வாடிக்கைக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு யாரும் மிளகுத்தூள் கூடக் கேட்க மாட்டார்கள்.

ஒரே மகள் பின்யூ. தைனானில் பல்கலைக்கழகத்தில் படித்தாள். சனி, ஞாயிறு ரயிலேறி வந்து அம்மாவோடு கல்லருகே நிற்பாள். வாரத்தில் அந்த இரண்டு நாள்தான் லிஷியாவின் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்யூ சொன்னாள், பின்லாந்துக்கு அரை வருஷம் படிக்கப் போக விண்ணப்பித்திருக்கிறேன் என்று. ஊலு என்று ஒரு ஊர். அவள் படிக்கும் துறைக்கு ஒரே ஓர் இடம். நேர்காணல் இன்னும் பாக்கி. அதற்குள்ளேயே அவள் ஏற்பாட்டில் இறங்கிவிட்டாள். அங்கே எந்தப் பாடம் எடுத்தால் இங்கே செல்லும், விடுதி அறைக்கு எப்போது எழுதிப்போட வேண்டும், பனியில் சைக்கிள் சக்கரம் வழுக்குமா, எல்லாம் கேட்டு வைத்துக்கொண்டாள். யாரோ போட்டுக் கழித்த தடித்த கோட்டை வாங்கிவந்து, வேர்க்க வேர்க்கக் கடைக்குள் போட்டுப் பார்த்தாள். கடையின் உறைபெட்டியைத் திறந்து தோள்வரைக்கும் கையை விட்டுக்கொண்டு நிற்பாள்.

"என்னடி தேடுற?"

"ஒண்ணும் தேடல. பழகிக்கிறேன்."

"மீன் உருண்டை கரையுது, மூடு."

பக்கத்துக் காய்கறிக் கடைக் கிம் அக்கா சிரித்தாள். "அங்க போய் வெள்ளைக்காரப் பையனை இழுத்துட்டு வரப்போறா பாரு."

"வந்தா சரி. சிலிண்டர் தூக்குவான்," என்றாள் லிஷியா. எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தாலும் லிஷியாவுக்கு உள்ளூரப் பயம். குளிரை நினைத்துப் பயமில்லை, வெள்ளைக்காரனை நினைத்தும் இல்லை. வெறும் வீட்டை நினைத்துத்தான் பயம். போகாதே என்று சொல்லியிருக்கலாம். நல்ல அம்மா என்ற பேர் கெட்டுவிடும் என்று வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்காதவள் கோயிலுக்குப் போனாள். படிப்புக்கென்று இருக்கிற சாமி வென்சாங். பரீட்சைக் காலத்தில் தாய்மார்கள் புத்திக்கும் உழைப்புக்கும் ராசி என்று வெங்காயத்தாளும் செலரிக் கீரையும் கொண்டுவந்து குவிக்கிற இடம். லிஷியா மூன்று ஆப்பிளோடு போனாள். முறைப்படி தன் பேர், வீட்டு விலாசம், மகள் பேர், பிறந்த நாள் எல்லாம் சொன்னாள். அப்புறம், "இந்த இடம் அவளுக்குக் கிடைக்கக் கூடாது. நடந்தா வந்து செய்ய வேண்டியதைச் செய்றேன்," என்று முணுமுணுத்தாள்.

பிறைபோல் வளைந்த இரண்டு மரத்துண்டுகளைத் தரையில் போட்டுத்தான் சாமியிடம் பதில் கேட்பது. ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சம்மதம். பெரிய காரியத்துக்கு அடுத்தடுத்து மூன்று முறை அப்படி விழ வேண்டும். படிப்புச் சாமி இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளாது என்ற தைரியத்தில்தான் அவள் போட்டாள். மறுத்துவிட்டால் கேட்ட பாவமும் போய்விடும் என்று ஒரு கணக்கு. மூன்று முறையும் சம்மதம் என்றே விழுந்தது.

முடிவு வந்தபோது பின்யூ இரண்டாவதாக நின்றாள். இடம் இன்னொரு பெண்ணுக்கு. அவள் வேண்டாமென்று விலகினால்தான் இவளுக்கு.

அந்தச் சனிக்கிழமை பின்யூ கண் வீங்கி வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"கிம் அத்தை சொன்னாங்கம்மா. எனக்காக நீ கோயிலுக்குப் போயிருந்தியாமே. கடைய மூடிட்டா போன?"

லிஷியாவின் கையில் தோசைத் திருப்பி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நீ வேண்டினதாலதான் இவ்வளவு கிட்டக்கவாவது வந்தேன்," என்றாள் மகள்.

அன்று லிஷியா கருக்கிய ரொட்டிகளுக்குக் கணக்கில்லை. ஒரு கிழவர், "இன்னிக்கு அடுப்புக்கரியவா சுருட்டிக் குடுக்கிற?" என்று கேட்டார். அவரையும் அவள் திட்டவில்லை.

அடுத்த வாரமே கோயிலுக்கு ஓடினாள். கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி மரத்துண்டுகளைப் போட்டாள். இரண்டும் மல்லாந்தன. சாமி சிரிக்கிறது என்று அர்த்தம். மறுபடி போட்டாள். மறுபடி சிரிப்பு. மூன்றாவது முறை இரண்டும் குப்புற விழுந்தன. முடியாது.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஓரமாக உட்கார்ந்து நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தார். "ஏம்மா, தரைக்கல்லு பெயர்ந்துடப் போகுது. ஒரே கேள்வியை எத்தனை தடவை கேப்ப?"

"கேட்டதை வேண்டாம்னு சொல்லணும் பெரியவரே."

"யாருக்காகக் கேட்ட?"

"மகளுக்காக."

"அப்ப அவ வந்து போடட்டும். அவ காரியத்தை நீ கேப்ப, நீயே வாபஸ் வாங்குவ. சாமி என்ன உன் கடையில வேலை பாக்குதா?" கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நடந்துடுச்சா?"

"நடந்துடுச்சு."

"அப்ப முதல்ல நேர்ந்ததைச் செய். அந்தக் கடன் தனி."

மகளைக் கூட்டிவர வேண்டுமென்றால் மகளிடம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ஓய்ந்தபின், கல்லைச் சுரண்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் லிஷியா சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஆப்பிளைக்கூட விடவில்லை.

பின்யூ மேசையைத் துடைத்து முடித்தாள்.

"சாமியால ஒண்ணும் ஆகலம்மா. நேர்காணல்ல நான் ஒரு கேள்விக்கு உளறினேன். அந்தப் பொண்ணு உளறல. அவ்வளவுதான்."

லிஷியாவுக்கு மூச்சு வந்தது. "அப்ப உனக்குக் கோவம் இல்ல?"

"நடந்ததுக்குக் கோவம் இல்ல. நீ கேட்டியே, அதுக்கு."

"வாயேன், வந்து ஒரு தடவை போடு. சாமி மாத்திக்கும்."

"மாத்தி? அந்தப் பொண்ணு போகாம இருந்தாத்தானே எனக்கு இடம். அவளுக்குக் காலு உடையணும்னு கேக்கச் சொல்றியா? அவளுக்கும் வீட்ல ஒரு அம்மா இருப்பாங்கல்ல. நீ எனக்குக் கேட்டதை நான் அவளுக்குக் கேக்கணுமா?"

லிஷியா சுரண்டுவதை நிறுத்தினாள். இது அவளுக்குத் தோன்றவே இல்லை. பரிகாரம் என்று நினைத்து ஓடியதும் அதே வேலைதான்.

"என்கிட்டக் கேட்டிருக்கலாம்," என்றாள் பின்யூ. "இருடின்னு ஒரு வார்த்தை. ஒருவேளை இருந்திருப்பேன். இப்ப அதுவும் தெரியாமப் போச்சு." துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு ரயிலுக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் அவள் வரவில்லை. பரீட்சை என்றாள், வேலை இருக்கிறது என்றாள். எந்த வெறும் வீட்டுக்குப் பயந்து லிஷியா சாமியிடம் போனாளோ, அந்த வீடு பின்லாந்தின் உதவி இல்லாமலே வெறுமையாயிற்று. இடம் கிடைத்த பெண் விலகவில்லை. கோடை முடிகிற சமயத்தில் விமானம் ஏறிவிட்டாள்.

நேர்ந்தது நேர்ந்ததுதான். லிஷியா பழமும் பலகாரமும் ஊதுபத்தியும் வாங்கிக்கொண்டு நேர்த்திக்கடன் செலுத்தப் போனாள். சுற்றிலும் பிள்ளைகள் தேறிவிட்டார்கள் என்று தாய்மார்கள் சிரித்த முகத்தோடு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "உங்க பொண்ணும் ஜெயிச்சுட்டாளா?" என்று கேட்டாள். லிஷியா தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. பேர், விலாசம், எல்லாம் சொன்னாள். நன்றி என்கிற வார்த்தை மட்டும் பாக்கி. அதைச் சொல்லாமல் நேர்த்தி தீராது. சொன்னாள். சொல்லிவிட்டு வெளியே வந்து, ஸ்கூட்டர் சாவி கையில் இருக்க, சாவித் துவாரத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் நின்றாள்.

மழை விட்டு இலையுதிர் காலம் வந்தபோது பின்யூ ஒரு சனிக்கிழமை வந்தாள். கேட்காமலே ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். கூட்டம் குறைந்ததும் ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"பின்லாந்துக்கு மறுபடி விண்ணப்பம் போடப்போறேன். பெத்தவங்க சம்மதம்னு முத்திரை குத்தணும்."

"கோயில் பக்கம் போக மாட்டேன்," என்றாள் லிஷியா.

"தெரியும். குத்துறதுக்கு முன்னாடி சொல்லு. மனசுல இருக்கிறதைச் சொல்லு. சாமிகிட்ட இல்ல, என்கிட்ட."

லிஷியா கையை ஏப்ரனில் துடைத்தாள். அப்புறமும் துடைத்தாள்.

"போகவேண்டாம்னுதான் இருக்கு. ராத்திரி தனியாச் சாப்பிடப் பிடிக்கல. டி.வி.கிட்டப் பேசுறேன். அவ்வளவுதான் விஷயம். குளிரு, பாஷை, அதெல்லாம் சும்மா."

"ம்."

"இப்பவும் வேண்டாம்னுதான் இருக்கு."

"ம். தெரிஞ்சுக்கிட்டேன்."

"தெரிஞ்சும் போவியா?"

"கிடைச்சாப் போவேன்."

லிஷியா உள்ளே போய், கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துகிற தன் பேர் முத்திரையைக் கொண்டுவந்தாள். மையில் நன்றாக அழுத்தி, மகள் காட்டிய இடத்தில் குத்தினாள். பேர் கொஞ்சம் சாய்ந்து விழுந்தது. பின்யூ அதை ஊதி உலர்த்தினாள். கடை வாசலில் யாரோ முட்டை ரொட்டி கேட்டார்கள். இரண்டு பேரும் எழுந்தார்கள்.