தொட்டிக்கு மேலே எண்ணிய குரல்

இது கட்டுக்கதை இல்லை. என் வீட்டுக்காரருக்கு நடந்தது. வீட்டுக்குத் தாமதமாக வந்தால்கூட ஒழுங்காக ஒரு பொய் சொல்லத் தெரியாத மனுஷன் அவர். முழிக்கிற முழியே காட்டிக்கொடுத்துவிடும். அவருக்கு இப்படி ஒன்றைக் கற்பனை செய்கிற சாமர்த்தியம் கிடையவே கிடையாது. போன வருஷம், பட்டப்பகலில், மூன்று பத்திலிருந்து மூன்று நாற்பதுக்குள் நடந்தது. நேரத்தை எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால், அவருடைய கூட்டாளியையும் அந்தக் குடியிருப்பு வாட்ச்மேனையும் நானே தனித்தனியாக விசாரித்துவிட்டேன்.

அவருக்குத் தண்ணீர்த் தொட்டி கழுவும் வேலை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தரைக்கடியில் பெரிய தொட்டி இருக்குமே, அதற்குள் இறங்கி, சேற்றை வாரி, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். இதில் அவராகவே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். இறங்குகிறவர் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, தன் செருப்பைத் தொட்டியின் வாயருகே கழற்றி விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால்தான் மூடியைத் தொடலாம். போகிற இடத்திலெல்லாம் வாட்ச்மேனைக் கூப்பிட்டு இதைச் சொல்வார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கேட்கிறவர்களுக்குக் காது புளித்துப்போகும்.

ஏன் இவ்வளவு பயம் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். அப்போதுதான் முயலைப் பற்றிச் சொன்னார்.

முயல் என்பது பட்டப்பெயர். முன்பற்கள் இரண்டும் பெரிதாக இருக்குமாம். இரண்டு பேருக்கும் ஒன்பது வயது. நகமும் சதையுமாகத் திரிந்தவர்கள். ஒருநாள் கண்ணாமூச்சி விளையாட்டு. இவர் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நூறு வரை எண்ண வேண்டும். நாற்பது எண்ணும்போது அப்பா வந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். நாலு மணி பஸ்ஸில் பெரியப்பா வீட்டுக்கு. முயலிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பி வந்தது மூன்றாம் நாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பாதி கட்டிய ஒரு வீட்டின் காலித் தொட்டிக்குள் முயல் ஒளிந்திருக்கிறான். யாரோ மூடியைப் போட்டிருக்கிறார்கள். மறுநாள் மதியம்தான் எடுத்தார்கள்.

"நான் பாதியில விட்டுட்டுப் போனதாலதான் அவன் செத்தான்," என்பார் அவர். முப்பத்தொரு வருஷமாக அதே பேச்சு. முயலின் அம்மா முகத்தில் விழிக்கத் தைரியமில்லாமல் அந்தத் தெருப் பக்கமே போனதில்லை.

போன வருஷம் அந்த நாளில், மூன்று பத்துக்குத் தொட்டிக்குள் இறங்கினார். செருப்பு மேலே. கூட்டாளியும் மேலேதான் நிற்க வேண்டும். ஆனால் பிளீச்சிங் பவுடரை வேனிலேயே மறந்துவிட்டிருந்தார்.

"அண்ணே, அஞ்சே நிமிஷம்! ஓடி வந்துடறேன்."

போனவர் டீக்கடையில் வாய் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

உள்ளே பிரஷ் சத்தம் மட்டும். சர்ர்க்... சர்ர்க்...

அவர் வாட்சில் மூன்று பதினேழு. மேலே ஒரு சின்னப் பையன் எண்ணுவது கேட்டது.

"நாப்பத்தி ஒண்ணு... நாப்பத்தி ரெண்டு..."

குடியிருப்புப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். பிறகுதான் உறைத்தது. அன்று பள்ளிக்கூடம் உண்டு. ஒரு பிள்ளைகூட வீட்டில் இருக்காது.

பிரஷை நிறுத்தினார். எண்ணுவதும் நின்றது.

மறுபடி தேய்த்தார். விட்ட இடத்திலிருந்து எண்ணியது.

"யாருப்பா அது?"

அவர் தேய்க்கத் தேய்க்க எண்ணிக்கை ஏறியது.

"தொண்ணூத்தி எட்டு... தொண்ணூத்தி ஒம்போது..."

நூறு வரவில்லை.

டங்!

இரும்பு மூடி விழுந்தது. மூன்று இருபத்துநாலு.

அடுத்த நிமிஷம் குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. நெற்றியில் கட்டியிருந்த லைட் இரண்டு முறை மினுங்கி அணைந்தது. இருட்டு. தடவித் தடவி ஏணியைப் பிடித்தார். ஆள் உயரத் தொட்டிதான்; முதல் படியில் நின்று தோளால் மூடியை முட்டினார்.

அசையவில்லை.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது...

இடுப்புக்கு வந்தது...

அப்போது, இடது காதருகே...

மூச்சு.

"சத்தம் போடாதடா..." சின்னக் குரல். "அவன் இன்னும் மேலதான் நிக்கிறான்."

அலறினார். இரண்டு கைகளாலும் மூடியைக் குத்தினார். தோல் கிழிந்து ரத்தம் வரும் வரை குத்தினார்.

மூன்று நாற்பதுக்குத் திரும்பி வந்த கூட்டாளி, குத்துகிற சத்தம் கேட்டு மூடியைத் தூக்கினார்.

வாட்ச்மேன் ஓடிவந்தார். "ஒரு பையன் வந்து, 'அந்த மாமா மேல வந்துட்டாரு, மூடித் தண்ணிய விடுங்க'ன்னு சொன்னான் சார். நானும் வந்து பார்த்தேன். செருப்பு இல்ல. அதான் மூடிட்டேன்."

"எந்தப் பையன்?" என்றார் கூட்டாளி.

"இங்க உள்ள பிள்ளை இல்ல சார். எட்டு ஒம்போது வயசு இருக்கும். முன்பல்லு ரெண்டும் பெருசு. கையில ஒரு ஜோடி செருப்பு வெச்சிருந்தான்..."

மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார். "முயல் என்னைக் கூட்டிட்டுப் போக வந்துட்டான்," என்று பிதற்றினார். "எழுந்திரிங்க, அவங்க அம்மாகிட்ட போய் மன்னிப்புக் கேட்டுடலாம். இனிமேலும் இதைத் தள்ளிப்போட வேணாம்," என்று நான்தான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த அம்மா இவரை உடனே அடையாளம் கண்டுகொண்டார். இவர் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பாதியில் விட்டுவிட்டுப் போனதை, நாலு மணி பஸ்ஸை, எல்லாவற்றையும். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"விளையாட்டைப் பாதியில விட்டதெல்லாம் ஒரு தப்பாப்பா? சின்னப் பிள்ளை நீ." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. இத்தனை வருஷமா கேக்கணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். அன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல்ல வந்து நின்னு, 'அவன் எங்க வீட்ல தூங்குறான், காலையில வருவான்'னு ஏன் சொன்ன? உன்னை நம்பித்தானே ராத்திரி பூரா நாங்க அவனைத் தேடவே இல்ல..."

ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் பஸ்ஸில், அப்பா மடியில், மூன்று ஊர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

"உள்ள வாடான்னு எவ்வளவோ கூப்பிட்டேன். நீ வாசப்படியைத் தாண்டவே இல்ல," என்றார் அந்த அம்மா.

"தொட்டிக்குள்ள முயல் சொன்ன அந்த 'அவன்'..." என்று இவர் என் காதருகே முணுமுணுத்தார். அன்று வந்து சொன்னது இவர் இல்லை என்று சொல்லிவிடலாம். பிறகு, யார் என்று கேட்பாரே... அதற்கு எங்களிடம் என்ன பதில் இருக்கிறது?