பொழுதுபடும்வரை ஒரு தீர்மானம்

பூவரசங்குளத்தில் இருந்துகொண்டு திபெத்திய பௌத்தத்தின் ஆரம்பப் பயிற்சிகளைப் பழகும் ஒரே ஓய்வுபெற்ற லிகிதர் நானாகத்தான் இருக்கவேண்டும். காலையில் விறாந்தையில் பாய் விரித்து, நூற்றெட்டுத் தரம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுவேன். மனைவி தேத்தண்ணியோடு நின்று பார்ப்பார்.

“கோயில் வீதியில அங்கப் பிரதட்டை செய்யச் சொன்னா முழங்கால் நோகுது எண்டனீங்கள். இஞ்ச மட்டும் நோகேல்லையோ?”

அடுத்தது சுத்திகரிப்பு. தலைக்கு மேல் வெண்ணிற வச்சிரசத்துவர் அமர்ந்திருப்பதாகவும், மந்திரம் சொல்லச் சொல்ல அவரிடமிருந்து பால்போல் அமுதம் இறங்கி உள்ளழுக்கைக் கழுவுவதாகவும் பாவிக்க வேண்டும். அதற்கு நான்கு அங்கங்கள்: சாட்சி, வருத்தம், பரிகாரம், இனிச் செய்யேன் என்ற தீர்மானம். பிரதேச செயலகக் காணிக் கிளையிலேயே நரைத்தவன் சொல்கிறேன், இவ்வளவு ஒழுங்கான நடைமுறையை எந்தச் சுற்றறிக்கையிலும் கண்டதில்லை.

வருத்தத்துக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வளவில் கச்சான் கடலை பயிர் செய்யும் பெண், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவருடைய காணி அனுமதிப்பத்திர விண்ணப்பத்தை, வேலையில் இருந்த காலத்தில் நான் மூன்று தரம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒருமுறை நீலப் பேனை. ஒருமுறை இடப்பக்கம் ஓரம் விடவில்லை. மூன்றாவது முறை தாளை நாலாக மடித்திருந்தார். இன்னும் அவரிடம் பத்திரம் இல்லை.

காப்பாற்ற முடியாத தீர்மானம் எடுக்காதீர்கள், ஒரு நாளைக்கு எடுத்தால் போதும் என்று, தொலைபேசித் திரையில் பாடம் சொல்லும் பிக்குணி சொல்லியிருந்தார். ஆகவே அன்று காலை தீர்மானித்து, மனைவியிடமும் சொல்லிவைத்தேன்: பொழுதுபடும்வரை எவருடைய பிழையையும் சொல்லமாட்டேன்.

அரை மணித்தியாலத்தில் படலை திறந்தது. அவரேதான். கையில் நான்காவது விண்ணப்பம்.

“பத்து மணி பஸ்ஸுக்குப் போறேங்க ஐயா. ஒருக்கா பாத்துக் குடுங்க. பிழை பிடிக்க உங்கள விட்டா ஆளில்லையே.”

அலுவலக உபயோகத்துக்கு மட்டும் என்ற கட்டத்துக்குள் அவருடைய கையெழுத்து வடிவாகக் குந்தியிருந்தது. சொன்னால் என் தீர்மானம் போச்சு. சொல்லாவிட்டால் நாலாவது தரமும் திரும்பி வருவார். எனக்குச் சிரிப்புப் பீறிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியபடி ஓடிப்போய், அலுமாரியில் கிடந்த வெறும் படிவம் ஒன்றை எடுத்து, கறுப்புப் பேனையால் முழுவதையும் நிரப்பினேன். கையெழுத்து வைக்கும் இடத்தை விரலால் காட்டினேன்.

“என்னங்க ஐயா, மௌன விரதமா?” என்றபடி வைத்தார். “அப்ப பழசுல என்ன பிழை?”

“பிழை என்ரதுதான், தங்கச்சி. முந்தின மூண்டு தரமும்.”

“அது எனக்கு அப்பவே தெரியுமே!” என்றுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. “பிழை சொல்லமாட்டன் எண்டுபோட்டு, சொல்லிப்போட்டியள்.”

“சொந்தப் பிழைக்கு விலக்கு உண்டு.”

“எந்தச் சுற்றறிக்கையில?”

பின்னேரம் நாலு மணிக்கு அவர் படலையில் நின்றே ஒரு கடதாசித் துண்டை ஆட்டினார். “எடுத்துட்டாங்க ஐயா! ஒரு கேள்வி கேக்கல!”

வாங்கிப் பார்த்தேன். விண்ணப்பம் கிடைத்ததற்கான சீட்டு. முத்திரையைத் தலைகீழாகக் குத்தியிருந்தார்கள். பொழுதுபட இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது.

“நல்ல வடிவாயிருக்கு,” என்றேன்.