அண்ணியின் குரல் இருந்த ஹார்டுடிஸ்க்

என் அண்ணி யாரையும் நம்ப மாட்டாள். நாத்தனார் வாய்க்கு வேறென்ன வரும் என்று நினைத்துவிட வேண்டாம். அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வதுதான். டவுன் பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவள். முன்படியில் ஏறி, "எல்லாரும் டிக்கெட்டை எடுத்துக் கையில வெச்சுக்கோங்க" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். தூங்குகிற மாதிரி நடிப்பவர், ஜன்னலுக்கு வெளியே ரொம்ப ஆர்வமாகப் பார்ப்பவர், திடீரென்று போனை எடுத்துக் காதில் வைப்பவர், எல்லாரும் அந்தச் சத்தத்துக்கு நெளிவார்கள். வீட்டிலும் அதே கண்தான். நான் அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போது என் பையை ஒரு பார்வை பார்ப்பாள். அதற்காக அவளோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறேன்.

அந்தக் குரலுக்குத்தான் ஆபத்து வந்தது. தொண்டையில் கட்டி. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணி இன்னும் இரண்டு டாக்டர்களிடம் போய் முதல் டாக்டரைப் பற்றித் துப்புத் துலக்கினாள். மூவரும் ஒன்றையே சொன்னபோது, "மூணு பேரும் ஒரே காலேஜா இருக்கும்" என்றாள். ஆனாலும் சம்மதித்தாள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு வழி சொன்னாள். அன்றாடம் பேசுகிற வாக்கியங்களை ஆபரேஷனுக்கு முன்பே சொந்தக் குரலில் பதிவு செய்து வைத்துக்கொண்டால், அப்புறம் போனில் ஒரு பட்டனைத் தொட்டு அதே குரலில் பேசிக்கொள்ளலாம். "எங்க கம்ப்யூட்டர்லயும் ஒரு காப்பி வெச்சுக்கறோம்மா, பத்திரமா இருக்கும்" என்றும் சொன்னாள். அந்தக் கடைசி வாக்கியம்தான் காரியத்தைக் கெடுத்தது.

"என் குரல் அவங்களுக்கு எதுக்கு? நாளைக்கு எவளாவது என் குரல்ல உங்க அண்ணனுக்கு போன் பண்ணி ஓடிபி சொல்லுங்கன்னா, அந்த மனுஷன் சொல்லிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்" என்றாள் அண்ணி. அண்ணனைப் பற்றி அவள் சொன்னது உண்மைதான்.

வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, படுக்கையறையைத் தாழ் போட்டுக்கொண்டு அதில் பதிவு செய்தாள். பேசியதைத் திருப்பிப் போட்டுக் கேட்கக்கூட மாட்டாள், வெளியே கேட்டுவிடுமாம். பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள் என்றேன். அது தொலைந்தால் யார் கையில் சிக்குமோ என்றாள். உள்ளே என்ன பேசுகிறாள் என்று அண்ணனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்லி வைக்கிறாள் என்று எனக்கு ஒரே குடைச்சல்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் மூச்சு விட ஒரு துளை, பேச்சு இல்லை. வீட்டுக்கு வந்து ஆசையாக லேப்டாப்பைத் திறந்தால் திரையில் ஒன்றும் வரவில்லை. உள்ளிருந்து நகத்தால் மேசையைத் தட்டுகிற மாதிரி டக் டக் என்று சத்தம் மட்டும் வந்தது. அண்ணி நிமிர்ந்து முதலில் என் முகத்தைத்தான் பார்த்தாள். அதை நான் இந்த ஜென்மத்தில் மறக்கப் போவதில்லை.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழே, பழுதான டிஸ்குகளிலிருந்து உள்ளதை எடுத்துக் கொடுக்கும் கடை இருந்தது. கடைக்காரர் சிரிக்காத மனிதர். தன் கருவியில் டிஸ்கை மாட்டி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உடனே அணைத்தார்.

"உள்ள தகட்டைப் படிக்கிற முனை தடுமாறுது. இனிமே இதை ஆன் பண்ணவே கூடாது. ஒவ்வொரு தடவை ஓடும்போதும் இருக்கறதும் போகும். இங்க விட்டுட்டுப் போங்க."

விட்டுவிட்டுப் போவதா? அண்ணி டிஸ்கை மறுபடி லேப்டாப்பிலேயே பொருத்த வைத்து, அதை வாரிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். படியில் நின்று போனில் எழுதிக் காட்டினாள்: "டிஸ்கை மாத்திடுவான்."

"உயிரை விட்டுக்கிட்டு இருக்கற டிஸ்கை எவன் அண்ணி திருடுவான்?" என்று கத்தினேன். அவள் எனக்கு முன்னால் நடந்து போய்விட்டாள்.

டாக்டர்களுக்கு நடந்ததுதான் கடைக்காரர்களுக்கும் நடந்தது. வேறு இரண்டு கடைகளில் விசாரித்தாள், அவர்களும் முதல் கடையையே கை காட்டினார்கள். வேறு வழியில்லாமல் அடுத்த வாரம் அதே படிக்கட்டுக்குக் கீழே போய் நின்றோம். கடைக்காரர் டிஸ்கைக் கழற்றியதும் அண்ணி கைப்பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து அதன் மூலையில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள். எனக்கு மானம் போயிற்று. ஆனால் அந்த மனிதர் கோபப்படவில்லை.

"இது உங்க லேப்டாப்தானா? அடையாள அட்டையைக் காட்டுங்க" என்றார். "அடுத்தவங்களதைத் தூக்கிட்டு வந்து எடுத்துக் கொடுன்னு கேக்கறவங்க நிறைய பேரு."

அண்ணி திகைத்துப் போனாள். வாழ்நாள் முழுக்கக் கேட்டவளை ஒருவர் கேட்டுவிட்டார். அட்டையை எடுத்து நீட்டினாள். அவர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், திரும்பவும் அட்டையைப் பார்த்தார். அண்ணி என் பக்கம் போனைத் திருப்பினாள்: "இவர் பரவாயில்லை."

அந்தச் சந்தோஷம் அதிக நேரம் தங்கவில்லை. டிஸ்கை மாட்டித் திரையைப் பார்த்தவரின் முகம் மாறியது.

"நான் சொன்னதுக்கு அப்புறம் இதை ஆன் பண்ணீங்களாம்மா?"

இல்லவே இல்லை என்று அண்ணி தலையாட்டினாள்.

"எத்தனை தடவை ஓடுச்சுன்னு டிஸ்கே உள்ள பதிஞ்சு வெச்சுக்கும். அன்னிக்கு நான் பார்த்ததுக்கும் இன்னிக்கும் நடுவுல ஏகப்பட்ட தடவை ஓடியிருக்கு."

அண்ணி டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவளைப் போல உட்கார்ந்திருந்தாள். பிறகு போனில் எழுதினாள்: "இன்னும் இருக்கான்னு தினம் பார்த்தேன். அந்தச் சத்தமாவது வருதான்னு." திட்டுவதற்கு என் நாக்கின் நுனி வரை வந்த வார்த்தைகளை விழுங்கினேன். தன் குரலைத் தானே தேய்த்து அழித்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தபோது அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"இதுல நேரா எதையும் தேட மாட்டேன். மொத்தத்தையும் வேற டிஸ்க்குக்கு நகல் எடுக்கணும். சுலபமா வர்றதை முதல்ல எடுத்துட்டு, அடம்பிடிக்கிற இடத்துக்குக் கடைசியா போவேன். பாதியில செத்துட்டாலும் எடுத்த வரைக்கும் லாபம்" என்றார். அண்ணி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நகப்பூச்சுப் பொட்டுக்கு எதிரே உட்கார்ந்தாள். கடை திறக்கும்போது போனால் சாத்தும்போதுதான் எழுந்திருப்பாள். அவர் கழிவறைக்குப் போனால்கூட டிஸ்கைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். வேலை நாள்கணக்கில் இழுத்தது.

கடைசியில் கொஞ்சம் கிடைத்தது. பாதிக்கு மேல் போய்விட்டது. மிஞ்சிய ஒலிகளுக்கும் அண்ணி வைத்த பெயர்கள் அழிந்து வெறும் எண்கள்தான் இருந்தன. அண்ணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். இன்னொன்றைக் கேட்டாள். கழற்றி வைத்துவிட்டு எழுதினாள்: "இது நான் இல்லை. வேறு யாரோ பொம்பளை."

"பதிவுல கேட்டா அவங்கவங்க குரல் அவங்களுக்கே வேற மாதிரிதான் இருக்கும்மா" என்றார் அவர்.

நானும் வாங்கிக் கேட்டேன். சந்தேகமே இல்லை, எத்தனையோ வருஷம் என்னை எரிச்சல்படுத்திய அதே குரல். "சத்தியமா நீங்கதான் அண்ணி" என்றேன். அண்ணி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் எப்போது இவரோடு கூட்டுச் சேர்ந்தேன் என்று கேட்கிற பார்வை. ஒலிகளை அவள் போனில் ஏற்றிக் கொடுத்தார். அவளாகப் போனை எடுக்கவில்லை, நான்தான் எடுத்து அவள் கையில் திணித்தேன்.

வீட்டுக்கு வந்ததும், கிடைத்ததா என்று கேட்ட அண்ணனுக்கு அண்ணி கையை விரித்துக் காட்டினாள். அண்ணன் போய்ப் பேப்பரை விரித்து அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அண்ணி சோபாவில் உட்கார்ந்து, வெறுப்போடு ஏதோ ஓர் எண்ணை அழுத்தினாள்.

"கேஸை அணைச்சீங்களா?"

"அணைச்சாச்சு, அணைச்சாச்சு. ஒரே கேள்வியை எத்தனை தடவைதான் கேப்ப" என்றான் அண்ணன், தலையைத் தூக்காமலே.

சொல்லி முடித்த பிறகுதான் பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது. அண்ணி அவன் முகத்தையே பார்த்தாள். அதில் நடிப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, நான் மறைக்கவும் இல்லை. அவள் அதே எண்ணை மறுபடி அழுத்தினாள்.

"கேஸை அணைச்சீங்களா?"

இந்தத் தடவை அண்ணன் தலையை மட்டும் ஆட்டினான். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்து, கேஸ் அணைந்திருக்கிறதா என்று பார்க்க அடுப்படிக்குப் போனாள்.