பிளாஸ்டிக் புல்லும் மூடின கானும்

எனக்கு இப்பவும் கோபம் வந்தா தொரைமேல வராது. என் வாய்மேலதான் வரும். ஏன்னு சொல்றேன்.

எண்பதுகளோட ஆரம்பம். இலங்கை மலையகத்துல, வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல நான் கான் வெட்டுற ஆளு. மலைத் தண்ணி தேயிலைய அரிச்சுக்கிட்டுப் போகாம, அதப் பிடிச்சு ஓடைக்கு அனுப்புற வாய்க்காலத்தான் கான்னு சொல்லுவோம். எந்தச் சரிவுல தண்ணி எப்படித் திரும்பும்னு கேட்டா கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்.

தோட்டத்த நடத்துற எங்க தொரைக்கு டென்னிஸ்னா உசிரு. பங்களாவுக்குப் பின்னால புல்லுத் தரையில ஆடுவாரு. எங்க ஊரு மழைக்கு அது வருசத்துல பாதி நாள் சேறுதான். வெளிநாட்டுல இருந்த அவரோட அண்ணன் கப்பல்ல பிளாஸ்டிக் புல்லு அனுப்பியிருந்தாரு. தோட்டத்து லொறியில சுருட்டுச் சுருட்டா வந்து எறங்குச்சு. மோந்து பார்த்தேன், புதுச் செருப்பு வாசம். காலையில ஆளுகள வரிசையா நிறுத்தி வேல பிரிக்கிற பெரட்டுல, கான் வெட்டுற எங்க ஆறு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, டென்னிஸ் கோர்ட்டுப் போட அனுப்பினாங்க.

பழைய புல்லச் செதுக்கினோம். மேட்ட வெட்டிப் பள்ளத்துல போட்டோம். சல்லி பரப்பி, மணல் கொட்டி, உருளைய ஆறு பேரும் சேந்து இழுத்தோம். எல்லாம் சரியாத்தான் போச்சு. ஒரு மூலையில மட்டும் கான் குறுக்க நின்னுச்சு. வெள்ளைக்காரன் காலத்துல கருங்கல் வச்சுக் கட்டின கான். மேல்மலைத் தண்ணி பூராவும் அதுலதான் ஓடைக்குப் போகும். அத மூடிட்டா தண்ணி கோர்ட்டு ஓரத்து மண்கரையத்தான் தள்ளும். அந்தக் கரைக்கு நேர் கீழ புள்ளக் காம்பரா. தாய்மாரு கொழுந்தெடுக்கப் போறப்ப கைப்புள்ளைங்கள ஆயம்மாகிட்ட விட்டுட்டுப் போற எடம். என் மகளும் அங்கதான் தொட்டில்ல கெடப்பா. ஏழு மாசப் புள்ள.

தொரை கானுக்குப் பக்கத்துல வந்து நின்னாரு. சிங்களவரு, எங்க தமிழ நல்லாப் பேசுவாரு. நல்ல மனுசன், அதையும் சொல்லணும். பக்கத்துல நின்ன, வேலைய மேற்பார்க்கிற கண்டாக்கையாவக் கேக்காம என்னத்தான் கேட்டாரு.

"இத மூடினா சரியா வருமா?"

"சரிங்க தொரை."

"தண்ணியால ஒண்ணும் ஆகாதே? யோசிச்சுச் சொல்லு."

"சரிங்க தொரை."

அவரு கேட்டு முடிக்கிறதுக்குள்ள வந்துருச்சு. எங்களுக்கு அப்படித்தான். தொரை வாயத் தொறந்தா, சம்பந்தம் இருக்கோ இல்லையோ, அந்த ரெண்டு வார்த்தை முந்திக்கும். மறுத்துப் பேசின ஆளுக்கு வேலைய விட்டு நிறுத்துற பத்துச் சீட்டு எழுதிக் குடுத்து, சட்டி பானையோட தோட்டத்த விட்டே வெரட்டினதச் சின்ன வயசுல கண்ணால பார்த்தவன் நான். இந்தத் தொரை அப்படிச் செய்ற ஆளில்ல. அதுவும் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொன்னேன் பாருங்க, அதுக்கென்ன பண்றது. என் கையாலயே சல்லி கொட்டி மூடினேன்.

சாயந்தரம் வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன்.

"அவரே வலியக் கேட்டிருக்காரு. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? நாளைக்கே போய்ச் சொல்லிருங்க"ன்னா.

நாளைக்கு நாளைக்குன்னே நாள் ஓடுச்சு. புல்லு விரிச்சு, ஓரத்துல ஆணி அடிச்சு முடிச்சாச்சு. தொரை அதுமேல செருப்பில்லாம நடந்து பார்த்துச் சின்னப் புள்ள மாதிரி சிரிச்சாரு. அந்தச் சிரிப்பப் பார்த்ததும் சொல்ல வந்தத விட்டுட்டுத் திரும்பி நடந்துட்டேன். தெனம் பெரட்டு முடிஞ்சதும் சுத்திப் போய்க் கரையப் பார்த்துட்டுத்தான் வேலைக்குப் போவேன். என் புள்ளைய அங்க விடாம இருக்கலாம். மத்தப் புள்ளைங்க?

ஆனி மாசம் மழை பிடிச்சுச்சு. மூணாம் நாள் பகல்ல மேல்மலையில கான் சுத்தம் பண்ணிக்கிட்டிருந்தேன். தண்ணி செவப்பா வந்துச்சு. மண்ணு கழண்டு வர்ற நெறம். அந்தத் தண்ணி பூராவும் மூடின கானுக்குத்தான் எறங்குது. வேரறுக்க வச்சிருந்த கவ்வாத்துக் கத்தியோட ஓடினேன்.

கோர்ட்டு, கல்லுல ரொட்டி உப்புற மாதிரி உப்பிக்கிட்டு நின்னுச்சு. அடியில பூராவும் தண்ணி. கரையில ஒரு வெரல் அகலத்துக்கு வெடிப்பு. "ஆயம்மா, புள்ளைங்கள வெளிய கொண்டு வாங்க"ன்னு கீழ பார்த்துக் கத்தினேன். மழைச் சத்தத்துல என் குரல் எனக்கே கேக்கல. பாதையில சுத்திப் போய் இருபது புள்ளைங்களத் தூக்கறதுக்கு நேரமில்ல.

கான் எங்க இருக்குன்னு மூடினவனுக்குத் தெரியாதா. கத்திய எறக்கி இழுத்தேன். புல்லு கிழியமாட்டேங்குது, சனியன். ரெண்டு கையாலயும் அழுத்தி அறுத்தேன்.

"ஏய், என்ன பண்றே?" பங்களா பின்வாசல்ல தொரை.

"கான் தொரை, கான்"னேன். வேற ஒண்ணும் வரல.

அவரு என்னப் பார்த்தாரு, வெடிப்பப் பார்த்தாரு. குடையப் போட்டுட்டு வந்து, சேத்துல முழங்கால் போட்டு, அறுத்த புல்லப் பிடிச்சு இழுத்தாரு. நான் சல்லியக் கையால வாரினேன். நகம் பேந்துருச்சு. கல்லு தட்டுப்பட்டுச்சு. தண்ணி திமிறிக்கிட்டுக் கானுக்குள்ள எறங்கி ஓடைப் பக்கம் பாஞ்சுச்சு. அப்பயும் கரையில ஒரு பக்கம் தொப்புன்னு சரிஞ்சுச்சு.

எப்படிக் கீழ போனேன்னு தெரியல. புள்ளக் காம்பராவோட பின்சுவத்துல சன்னல் மட்டத்துக்குச் சேறு. சுவரு நின்னுருச்சு. உள்ள புள்ளைங்க வீறிட்டுக் கத்துதுங்க. என் மக தொட்டில்ல கால ஆட்டிக்கிட்டுக் கெடந்தா. அவளத் தூக்கிக்கிட்டு அங்கயே உக்காந்து அழுதேன். வெக்கமெல்லாம் இல்ல.

தொரை பின்னாலயே வந்தாரு. உடம்பெல்லாம் சேறு.

"உன்கிட்ட ரெண்டு தடவ கேட்டேனே. ஏன் சொல்லல?"

நான் புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சு நின்னேன்.

அவரு மொகத்துச் சேத்த வழிச்சு விட்டாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு: "இனிமே நான் கேட்டா, ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்லணும். சொல்லுவியா?"

"சரிங்க தொரை"ன்னேன்.