பெட்டக அறையின் இரண்டாம் சாவி

வங்கிக் கிளையில் அவரை எல்லோரும் சாவி மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். பணப் பெட்டக அறையைத் திறக்க இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று மேலாளரிடம், இன்னொன்று இவரிடம். ஒருவர் இல்லாமல் மற்றவரால் அந்தக் கதவை அசைக்கக்கூட முடியாது. காலையில் திறந்து, கவுன்டருக்கு வேண்டிய பணத்தை எடுத்ததும் பூட்டிவிடுவார்கள். நடுவில் தேவைப்பட்டால் மறுபடி இருவரும் வர வேண்டும். சாயங்காலம் இன்னொரு தரம். ஆகவே சாவி வைத்திருப்பவர் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போக வேண்டும். இடையில் எங்கும் நகர முடியாது.

சாவியை முதன்முதலில் கொடுத்த பழைய மேலாளர், "பொம்பளைங்க கையில இருந்தா பத்திரமா இருக்கும்" என்றார். இவரும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

வேலைக்குச் சேர்ந்தபோது நேர்முகத்தில் கேட்டார்கள்: "கல்யாணம் ஆனா வேலைய விட்டுடுவீங்களா?" விடவில்லை. முதல் பதவி உயர்வு நேர்முகத்தில், "கைக்குழந்தை இருக்கே, சமாளிப்பீங்களா?" அடுத்ததில், "பொண்ணு பத்தாவதா? வேற ஊருக்குப் போட்டா கஷ்டமாச்சே." அந்தக் குழந்தைக்கு அப்பா என்று ஒருவர் உண்டு. காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. கிடுகிடுவென்று மேலே போய்விட்டார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பீர்கள் என்று அவரை எந்த நேர்முகத்திலும் யாரும் கேட்டதில்லை. ஒரே வீடு, ஒரே தொட்டில், ஒரே அழுகை. அம்மாவுக்கு அது தகுதிக் குறைவு, அப்பாவுக்கு அது கைகுலுக்கி வாழ்த்த வேண்டிய செய்தி. இந்தக் கணக்கைப் போட்டவர்கள்தான் ஊராருடைய பணத்துக்கும் கணக்கு வைக்கிறார்கள்.

இந்த வருஷம் மூன்றாவது முறை. வேறொரு கிளையில் மேலாளர் பதவி. மகள் வெளியூர்க் கல்லூரி விடுதிக்குப் போயாகிவிட்டது.

"இனிமே கேக்கறதுக்கு அவங்ககிட்ட என்ன இருக்கு?" என்றார் காசாளரிடம்.

"ஏன் மேடம், பேரப்பிள்ளையப் பத்திக் கேப்பாங்க" என்றார் காசாளர், நோட்டை எண்ணும் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

கடன் பிரிவு அதிகாரியும் அதே பதவிக்கு மனுப் போட்டிருந்தார். வெயிலோ மழையோ டை கட்டாமல் வரமாட்டார் என்பதால் டைக்காரர். மத்தியானம் கிளம்பினால் கடைகடையாகப் போய் வியாபாரிகளைப் பார்ப்பார், அவர்களோடு சாப்பிடுவார். புதுக் கணக்குகளோடு திரும்புவார். டைக்காரரின் நேர்முகம் நல்லபடியாக முடிந்துவிட்டது. சாவி மேடத்துக்கு மறுநாள்.

அன்று காலையும் மேலாளரோடு பெட்டகத்தைத் திறந்து, பூட்டிவிட்டுத்தான் தலைமை அலுவலகத்துக்குப் போனார். மேசைக்குப் பின்னால் மூன்று பேர்.

"புது வாடிக்கையாளர்னு யாரைக் கொண்டு வந்திருக்கீங்க?"

"வெளிய போக முடியாது சார். சாவி என்கிட்ட இருக்கு."

"வெளியவே போகாம ஒரு கிளைய எப்படிம்மா நடத்துவீங்க?"

கேட்டவருக்குத் தன் கேள்வி பிடித்திருந்தது. தண்ணீர் குடித்தார். அப்போது மேசைத் தொலைபேசி அடித்தது. நடுவில் இருந்தவர் எடுத்துக் கேட்டுவிட்டு இவரைப் பார்த்தார்.

"பெட்டகச் சாவி உங்ககிட்டயா இருக்கு?"

கைப்பையைத் திறந்தார். ஜிப் வைத்த உள்ளறையில் இருந்தது. டைக்காரரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். தினமும் வைக்கிற இடத்தில் கை தானாக வைத்துவிட்டது. கிளையில் ஒரு வியாபாரி பெரிய தொகை கேட்டு நின்றுகொண்டு கத்துகிறாராம்.

"முதல்ல போய்த் திறந்து விடுங்க" என்றார் நடுவில் இருந்தவர்.

டாக்சியில் சாவியைக் கையிலேயே வைத்திருந்தார். அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

போன வருஷம் மேலாளர் தன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்விட்டார். அரைநாள் கிளை முடங்கியது. கார் அனுப்பி வாங்கி வந்தார்கள். இன்றைக்கும் விருந்துகளில் அதுதான் சிரிப்பு. "மீன் முழுங்கியிருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க?" என்று யாராவது எடுத்துக்கொடுப்பார்கள், மேலாளர் முதலிலிருந்து சொல்வார். இந்த முறை சாவி மேடத்தின் கோப்பில் ஒரு வரி ஏறியது: பொறுப்பில் கவனக்குறைவு.

பதவி டைக்காரருக்குக் கிடைத்தது. இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றார்.

"உங்களுக்குத்தான் கிடைக்கும்னு நெனச்சேன் அக்கா."

"நானும்தான்" என்று ஒன்றை எடுத்துக்கொண்டார். என்ன இனிப்பு என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அன்று சாயங்காலம் பெட்டகத்தைப் பூட்டியதும் சாவியை மேலாளரின் மேசைமேல் வைத்தார்.

"என்னம்மா இது?"

"கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்க. கவனமில்லாத ஆள்கிட்ட சாவி இருக்கலாமா சார்?"

"அட, அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கு எழுதறது. கோவிச்சுக்காதீங்க."

"கோவம் இல்ல சார்." உண்மையாகவே இல்லை. "எழுதினது சரின்னா சாவிய வாங்கிக்கங்க. தப்புன்னா அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

மேலாளர் சுற்றிப் பார்த்தார். "நான் அதிகாரி இல்ல சார், தப்பிச்சேன்" என்று காசாளர் பையைத் தோளில் மாட்டினார். அந்தக் கிளையில் மிச்சமிருந்த ஒரே அதிகாரி டைக்காரர்.

"சார், நான் அடுத்த வாரம் புது எடத்துல சேரணும்" என்றார் அவர். "அதோட எனக்கு வெளி வேலை இருக்கும். சாவிய வச்சுக்கிட்டு ஒரு மனுஷன் எப்படி சார் அலையறது?"

தான் என்ன சொன்னோம் என்பது டைக்காரருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டார்.

"அந்த வரிய அடிக்க எனக்கு அதிகாரம் இல்ல" என்றார் மேலாளர் கடைசியில். "வேற அதிகாரி வர்ற வரைக்கும் நீங்க வச்சுக்கங்க தம்பி. அதுவரைக்கும் உங்கள இங்கேருந்து விடுவிக்க முடியாது."

டைக்காரர் கையெழுத்துப் போட்டார். "நேரமும் போடணும்" என்றார் சாவி மேடம். போட்டார்.

வெளியே வந்தபோது தெருவில் வெளிச்சம் இருந்தது. கடைகள் திறந்திருந்தன. சந்தோஷமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல வீடு வரைக்கும் நடந்தார்.

கணவர் அன்று சீக்கிரம் வந்திருந்தார். செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்தார்.

"என்ன இந்நேரத்துக்கு? உடம்பு சரியில்லயா?"

"சாவியக் குடுத்துட்டேன்."

"எந்தச் சாவி?" என்றார் அவர்.